சுற்றறிக்கை போய்ச் சேர வேண்டிய இடம்

உதவிப் பேராசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் போகும் அறிவிப்புகளைக் கவனிக்கும் கூடுதல் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பதிவாளர் அலுவலகச் சுற்றறிக்கை, மின்னஞ்சல், இணையதளம், பதினொரு வாட்ஸ்அப் குழுக்கள் என்று எல்லா வழியிலும் செய்தி போகிறது. இருந்தும் 'எனக்குத் தெரியாதே' என்று தினமும் யாராவது வந்து நிற்கிறார்கள். தவறு எங்கே இருக்கிறது? எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?"

நான் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன். தபால் பிரிவில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, ஊழியர்களின் பணி விவகாரங்களைப் பார்க்கும் பணியமைப்புப் பிரிவில் பல வருடங்கள் இருந்து, துணைப் பதிவாளராக ஓய்வு பெற்றேன். எத்தனை சுற்றறிக்கைகளுக்கு வரைவு எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2009 ஜூன் 1-ஆம் தேதி தமிழ்நாடு அரசு புதிய ஊதிய விகிதங்களுக்கான ஆணையை வெளியிட்டது. 1.1.2006 முதல் ஊதியத்தைக் கணக்கிட்டு, 1.1.2007 முதல் பணமாகக் கொடுப்பது என்பது ஏற்பாடு. பழைய விகிதத்திலிருந்து புதியதற்கு எந்தத் தேதியில் மாறுவது என்று ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்குள் விருப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்கள் 1.1.2006-லேயே மாறிவிட்டதாக எடுத்துக்கொள்ளப்படும். எங்கள் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டதும் விருப்பப் படிவத்தோடு சுற்றறிக்கை போனது. வரைவு எழுதியவன் நான். "அனைத்துத் துறைத் தலைவர்களுக்கும், பிரிவு அலுவலர்களுக்கும்" என்று பெறுநர் போட்டேன். காலம் காலமாக அப்படித்தான் போடுவோம்.

கெடு முடிந்து இரண்டு மாதம் கழித்து, அறிவியல் துறை ஒன்றில் ஆய்வக உதவியாளராக இருந்த ஓர் அம்மா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அவருக்கு 2006 கடைசியில் தேர்வுநிலை என்ற உயர் ஊதிய நிலை கிடைத்திருந்தது. அந்தத் தேதியில் புதிய விகிதத்துக்கு மாறியிருந்தால் அடிப்படை ஊதியம் கூடியிருக்கும். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, பின்னால் வரும் ஓய்வூதியம் எல்லாமே அதை வைத்துத்தான் கணக்கு. "ஐயா, அந்தப் பேப்பர் எங்க டிபார்ட்மென்டுக்கு வந்துச்சா?" என்று கேட்டார். தபால் பதிவேட்டைப் புரட்டினேன். போயிருந்தது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் இருந்தது. துறைத் தலைவர் அப்போது வெளியூரில் இருந்திருக்கிறார். திரும்பி வந்து, மேசைத் தட்டில் சேர்ந்து கிடந்த தாள்களோடு அதையும் பார்த்து, "கோப்பில் சேர்க்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கோப்பு அலமாரிக்குப் போய்விட்டது.

விதிவிலக்குக் கேட்டுக் கோப்பைப் பல்கலைக்கழக ஆட்சிக் குழுவான சிண்டிகேட் வரை கொண்டுபோய்த் திரும்ப எடுத்துவர ஒன்றரை வருடம் ஆனது. அந்த அம்மா மாதாமாதம் சம்பளத்துக்கு மறுநாள் வருவார், "ஏதாவது ஆச்சாங்கய்யா?" என்று கேட்பார், போய்விடுவார். ஒரு நாளும் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அந்தச் சுற்றறிக்கையில் எழுத்துப் பிழை கிடையாது, விதிப் பிழை கிடையாது. பல்கலைக்கழகத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் அதில் வேலை இருந்தது, ஆனால் அது எழுதப்பட்டது துறைத் தலைவர்களுக்கு. உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. அறிவிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்து வழி போடாதீர்கள். இது தெரியாமல் போனால் யாருக்கு நட்டம் என்று கேளுங்கள். அந்த ஆள் காலையில் எந்த வாசல் வழியாக வருகிறார், எங்கே கையெழுத்துப் போடுகிறார், அவரிடம் என்ன போன் இருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

சரி, இனி வேலைக்கு வருவோம். ஒரு வாரம் அந்தப் பதினொரு குழுக்களிலும் மின்னஞ்சலிலும் என்னென்ன போகிறது என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். ஒருவர் ஏதாவது செய்தே ஆக வேண்டிய விஷயங்கள் கொஞ்சம் இருக்கும்: படிவம் கொடு, கட்டணம் கட்டு, பயிற்சிக்குப் போ. தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை கொஞ்சம் இருக்கும்: வியாழக்கிழமை தண்ணீர் வராது, நூலகம் ஏழு மணிக்கே மூடும். மீதி எல்லாம் செய்தி: கருத்தரங்கம், விருது, நூல் வெளியீடு, வாழ்த்து. இந்த மூன்றும் ஒரே குழுவில், ஒரே மாதிரி எழுத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. முப்பது வாழ்த்துப் படங்களுக்கு நடுவில் ஒரு கெடு தேதி புதைந்துபோகிறது. ஆட்கள் படிப்பதில்லை என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை. அவர்கள் தினமும் படித்துப் பார்த்து, பெரும்பாலும் தங்களுக்கு வேலை இல்லை என்று கண்டு, களைத்துப்போனவர்கள்.

இதைப் பழைய பல்கலைக்கழகங்கள் எப்போதோ பிரித்துவிட்டன. ஆக்ஸ்ஃபோர்டு தன் கெஜட்டையும், கேம்பிரிட்ஜ் தன் ரிப்போர்ட்டரையும் 1870-ல் தொடங்கின. இரண்டுமே அவற்றின் அதிகாரபூர்வ ஏடுகள். காலிப் பணியிடம், விதித் திருத்தம், தேர்வு ஏற்பாடு, ஆட்சிக் குழுவின் முன்வைப்புகள் எல்லாம் அவற்றில் வரும். கேம்பிரிட்ஜில் விதி மாற்றம் ஒன்றைக் கொண்டுவர வேண்டுமானால் அது ரிப்போர்ட்டரில் வெளியாகி எல்லார் பார்வைக்கும் வந்தாக வேண்டும். ஒருவர் "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் இந்தத் தேதி இதழ், இந்தப் பக்கம் என்று காட்டலாம். அதேபோல் நிர்வாகம் "சொல்லிவிட்டோம்" என்று சும்மா சொல்லித் தப்பவும் முடியாது. ஹார்வர்டு கெஜட் 1906-ல் வந்தது. இன்றைக்கு அது பெரும்பாலும் செய்தியும் கட்டுரையும் தரும் ஏடு. பதிவுக்கு ஒன்று, செய்திக்கு ஒன்று என்ற பிரிவு நமக்கும் வேண்டும். அச்சடித்த ஏடு தேவையில்லை. வரிசை எண் போட்ட ஒரே ஒரு இணையப் பக்கம் போதும். வாட்ஸ்அப், மின்னஞ்சல், பலகை எல்லாம் அந்தப் பக்கத்தைக் கைகாட்டும் விரல்களாக இருக்கட்டும்.

வரிசை எண் என்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஆண்டுத் தொடக்கத்தில் 1-ல் தொடங்கி விடாமல் எண் போட்டால், 46 வந்தது, 48 வந்தது, 47 எங்கே என்று படிப்பவரே கேட்பார். ந.க. எண் அதற்கு உதவாது. அது கோப்பின் எண். அலுவலகத்துக்குப் பொருள் உண்டு, வெளியே இருப்பவருக்கு ஒன்றும் புரியாது.

அடுத்ததுதான் ஆசிரியர் அறைகளில் மிக அதிகமாகக் குழப்பம் உண்டாக்குவது. ஓர் அறிவிப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லாமல் விடுவது. யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு வரைவை வெளியிட்டால் அது கருத்துக் கேட்பு. அரசிதழில் வந்தால் ஒழுங்குமுறை. அதன் பிறகும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சம்பளத்தையும் பதவி உயர்வையும் அது தொடுவதற்கு உயர்கல்வித் துறை அரசாணை வேண்டும், பல்கலைக்கழகத்தின் சிண்டிகேட் அதை ஏற்க வேண்டும். 2018 ஜூலையில் வந்த யுஜிசி ஒழுங்குமுறை, பணி மேம்பாட்டுத் திட்டம் உட்பட, தமிழ்நாட்டில் அரசாணையாக ஏற்கப்பட்டது 2021 தொடக்கத்தில்தான். அந்த இடைப்பட்ட காலத்தில், பதவி உயர்வுக்குக் காத்திருந்த ஆசிரியர்கள் எந்த விதிப்படி விண்ணப்பிப்பது என்று தெரியாமல் இரண்டு விதமாகவும் படிவம் நிரப்பி வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

முனைவர் பட்டக் கதையும் அப்படித்தான். பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராக நேரடியாகச் சேர முனைவர் பட்டம் 1.7.2021 முதல் கட்டாயம் என்று 2018 ஒழுங்குமுறை சொன்னது. கொரோனா காலத்தில் அது 1.7.2023-க்குத் தள்ளிப்போனது. அந்தத் தேதி வந்தபோது, நெட், செட், ஸ்லெட் என்ற தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகளில் ஒன்றே குறைந்தபட்சத் தகுதி, முனைவர் பட்டம் கட்டாயம் இல்லை என்று திருத்தம் வந்தது. ஒரே விஷயத்துக்கு மூன்று அறிவிப்புகள். மூன்றும் இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. முதல் அறிவிப்பை மட்டும் பார்த்துவிட்டு விண்ணப்பிக்காமல் இருந்துவிட்ட பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

2025 ஜனவரி 6-ல் யுஜிசி ஒரு புதிய வரைவை வெளியிட்டது. ஆசிரியர் நியமனத் தகுதி, துணைவேந்தர் தேர்வு எல்லாவற்றையும் மாற்றும் வரைவு. மூன்றே நாளில், ஜனவரி 9-ல், தமிழ்நாடு சட்டமன்றம் அதைத் திரும்பப் பெறச் சொல்லித் தீர்மானம் போட்டது. அவ்வளவு பெரிய விவாதம் நடந்தபோதும், "புதிய விதி வந்துவிட்டது" என்றே எனக்குப் பலர் அனுப்பினார்கள். வரைவு என்ற சொல் முதல் பக்கத்தில் இருக்கிறது, பகிரப்பட்டது ஏழாம் பக்கத்தின் படம். இப்படி ஒன்றை நீங்கள் அனுப்பும்போது தலைப்பிலேயே "வரைவு, இன்னும் விதி ஆகவில்லை" என்று போடுங்கள். அரசாணை வந்து சிண்டிகேட் ஏற்காமல் இருந்தால் "நம் பல்கலைக்கழகத்துக்கு இன்னும் பொருந்தாது, அடுத்த சிண்டிகேட் கூட்டத்தில் வைக்கப்படும்" என்று எழுதுங்கள். அந்த ஒரு வரியால் பணியமைப்புப் பிரிவுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி நிற்கும். 2025 ஏப்ரலில், கொரோனா காலத்தில் நிறுத்தப்பட்ட ஈட்டிய விடுப்புச் சரண், அதாவது எடுக்காத விடுப்பைக் கொடுத்துப் பணம் பெறும் ஏற்பாடு, அக்டோபர் 1 முதல் மீண்டும் தொடங்கும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது, அன்று மாலையே விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. நான் ஓய்வு பெற்றவன் என்பதையே மறந்துவிட்டார்கள்! ஐந்து வருடம் காத்திருந்த பணம், அந்த அவசரத்தில் தப்பே இல்லை. பதில் சொல்ல ஓர் இடம் இல்லாமல் இருந்ததுதான் தப்பு.

யாருக்குப் பொருந்தும் என்பதைச் சொல்வதும் இதே அளவுக்கு முக்கியம். ஒரு வளாகத்துக்குள் எத்தனை வகையாக வேலை பார்க்கிறோம்! நிரந்தரப் பணி, தொகுப்பூதியம், தினக்கூலி, வெளிமுகமை வழியாக வந்தவர்கள், கௌரவ விரிவுரையாளர்கள், திட்டப் பணியாளர்கள். நிரந்தரப் பணியிலேயே 1.4.2003-க்கு முன் சேர்ந்தவருக்கு ஒரு ஓய்வூதிய முறை, பின் சேர்ந்தவருக்கு வேறு முறை. "அனைத்துப் பணியாளர்களும்" என்று எழுதினால் இவர்களில் யார் என்று எழுதியவருக்குத் தெரியும், படிப்பவருக்குத் தெரியாது. மிகவும் பதற்றத்தோடு படிப்பவர்கள் தற்காலிகப் பணியில் இருப்பவர்கள்தான். 2019 ஜனவரியில் யுஜிசி, விருந்தினர் ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய்க்கு மிகாமல் கொடுக்கலாம் என்று வழிகாட்டுதல் தந்தது. எங்கள் கௌரவ விரிவுரையாளர்கள் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார்கள். மாநில ஆணை வராமல் அந்தத் தொகை இங்கே செல்லாது என்று அவர்களிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் யாராவது எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். நம்ப வைத்துக் காக்க வைப்பது அதைவிடக் கொடுமை.

2021 ஜூலை 1 முதல் மகப்பேறு விடுப்பு ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதம் ஆனபோது வந்த முதல் கேள்வியும் "எனக்குப் பொருந்துமா?" என்பதுதான். ஏற்கெனவே விடுப்பில் வீட்டில் இருந்த பெண்கள் கேட்டார்கள், ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். வீட்டில் கைக்குழந்தையோடு இருப்பவர் துறைப் பலகையைப் பார்க்க வர முடியாது என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. விடுப்பில் இருப்போர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டோம். நீங்களும் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: மகப்பேறு விடுப்பு, மருத்துவ விடுப்பு, அயற்பணி, படிப்பு விடுப்பு. எந்த அறிவிப்பும் கடைசியாகப் போய்ச் சேர்வது அவர்களுக்குத்தான்.

இனி எழுத்து. ஒரு சுற்றறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2023 ஏப்ரலில் வருமான வரி பற்றி எல்லா அலுவலகங்களிலும் ஒன்று போனது. நம் வழக்கப்படி அது இப்படித்தான் இருக்கும்:

"பொருள்: நிதி – வருமான வரி – 2023-24 நிதியாண்டு – ஊதியத்தில் வரிப் பிடித்தம் – பழைய / புதிய வரி முறை – விருப்பம் தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக. மேற்காண் பொருள் தொடர்பாகப் பார்வையில் காணும் கடிதத்தின்பால் தங்கள் கனிவான கவனம் ஈர்க்கப்படுகிறது. அதனடிப்படையில், அனைத்துப் பணியாளர்களும் தத்தம் விருப்பத்தினை உரிய படிவத்தில் உரிய காலத்திற்குள் தவறாது சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

எத்தனை மரியாதை! ஆனால் உரிய படிவம் எது, உரிய காலம் எது, தவறினால் என்ன ஆகும் என்ற மூன்றும் இதில் இல்லை. அந்த ஆண்டு முதல் புதிய வரி முறைதான் இயல்பாக எடுத்துக்கொள்ளப்படும் என்று சட்டம் மாறியிருந்தது. ஊழியர் ஒன்றும் சொல்லாவிட்டால் புதிய முறைப்படியே சம்பளத்தில் பிடிக்க வேண்டும் என்று வருமான வரித் துறையும் அந்த மாதமே தெளிவாக்கியிருந்தது. வீட்டுக் கடன், ஆயுள் காப்பீடு, சேமநல நிதி என்று பழைய முறையை நம்பிக் கணக்குப் போட்டிருந்தவருக்கு முக்கியமான செய்தி அதுதான். இதையே இப்படி எழுதலாம்:

"உங்கள் சம்பளத்தில் வருமான வரியைப் பழைய முறையில் பிடிப்பதா, புதிய முறையில் பிடிப்பதா? இணைத்துள்ள ஒரு பக்கப் படிவத்தில் எழுதி, ஏப்ரல் 20 மாலை 5 மணிக்குள் நிதிப் பிரிவில் கொடுக்கவும். கொடுக்காதவர்களுக்குப் புதிய முறையில் பிடிக்கப்படும். அப்போது வீட்டுக் கடன் வட்டி, காப்பீட்டுத் தவணை போன்ற கழிவுகள் மாதப் பிடித்தத்தில் சேராது. வணிகம் அல்லது தொழில் வருமானம் இல்லாத சம்பளதாரர்கள் பின்னால் கணக்குத் தாக்கல் செய்யும்போது முறையை மாற்றிக்கொள்ளலாம்."

ஐந்து வரி. என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள், செய்யாவிட்டால் என்ன, அப்புறம் வழி உண்டா என்பதெல்லாம் வந்துவிட்டது. பொருள், பார்வை, நகல் என்ற பழைய அமைப்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதற்கு ஒரு பயன் இருக்கிறது. பத்து வருடம் கழித்துத் தணிக்கைக்காரர் கேட்டால் பார்வை வரிசையைப் பிடித்துக்கொண்டுதான் மூலக் கடிதத்தைத் தேட முடியும். ஆகவே அதைக் கீழே வையுங்கள். மேலே ஒரு கட்டம் போட்டு, அதற்குள் இந்த ஐந்து வரியை வையுங்கள். பதிவாளர் முதலில் தயங்குவார். "கனிவான கவனம்" இல்லாமல் எப்படி என்பார். ஒரே ஒரு முறை போட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். கெடுவுக்குள் எத்தனை படிவம் வந்தது என்று எண்ணிக் காட்டுங்கள், அது போதும்.

தமிழிலேயே எழுதுங்கள். 1956-லேயே ஆட்சிமொழிச் சட்டம் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. தோட்டப் பணியாளரும் வேதியியல் பேராசிரியரும் ஒரே தாளைப் படிக்க வேண்டும் என்றால் அது ஒன்றுதான் வழி. வெளிமாநிலத்திலிருந்து வந்த ஆசிரியர்களுக்கு ஆங்கிலத்தில் அதே ஐந்து வரியைக் கீழே சேருங்கள். மத்திய அரசுக் கடிதத்தை அப்படியே மேலனுப்பி, "தகவலுக்காக" என்று விட்டுவிடும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

எழுத்துரு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் பட்ட பாடு அதிகம். எங்கள் அலுவலகத்தில் எல்லாத் தட்டச்சும் வானவில் எழுத்துருவில். அந்தக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாகத் திறக்கும். 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நேரத்தில், தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தர எழுத்துக் குறியீடாக ஏற்று ஆணையிட்டது. ஆனாலும் பழைய கோப்பை நகல் எடுத்துத் தேதியை மட்டும் மாற்றும் பழக்கம் எங்களை விடவில்லை. குப்பையாகத் தெரிகிறதே என்று புகார் வந்ததும் ஒரு வழி கண்டுபிடித்தோம்: அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து, பி.டி.எஃப். ஆக அனுப்பினோம். எல்லாருக்கும் தெரிந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

பார்வையில்லாத ஆசிரியர் ஒருவர் எங்களிடம் இருந்தார். கணினியில் திரைவாசிப்பான் வைத்துக்கொண்டு மின்னஞ்சல் எல்லாம் அவரே பார்ப்பார். ஒரு நாள் மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது என்னிடம் சொன்னார்: "சார், நீங்க ஸ்கேன் பண்ணி அனுப்புறது எனக்கு வெள்ளைத் தாள். கணினி 'படம்'னு மட்டும் சொல்லும்." அவர் பெயருக்கு வந்த குறிப்பாணையைக்கூட ஒரு மாணவனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டிருக்கிறார். சம்பள விவரம், மருத்துவச் செலவு ஈடு, எல்லாமே ஒரு மாணவன் வாய் வழியாக. ஒரு மூத்த ஆசிரியருக்கு அது எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்! அன்றிலிருந்து, கையெழுத்திட்ட ஸ்கேன் பிரதியோடு யூனிகோடில் தட்டச்சு செய்த உரையையும் சேர்த்துத்தான் அனுப்பினேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் தகவல் எல்லாரும் அணுகும் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. இதில் இன்னொரு நன்மை, உரையாக இருந்தால் தேட முடியும். "மருத்துவக் காப்பீடு" என்று தட்டினால் மூன்று வருடத்துச் சுற்றறிக்கையும் வந்து நிற்கும்.

மழைக்கால அறிவிப்பு தனி ரகம். காலை ஆறு மணிக்கு மாவட்ட ஆட்சியர் "பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை" என்பார். ஏழு மணிக்குள் உங்கள் போன் அலறும். பல்கலைக்கழகம் கல்லூரியில் சேருமா? விடுமுறை மாணவர்களுக்கு மட்டுமா, ஊழியர்களுக்குமா? இன்றைய தேர்வு நடக்குமா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத அறிவிப்பால் பயனில்லை. பள்ளி, கல்லூரிகளுக்கான விடுமுறையால் அரசு அலுவலகம் தானாக மூடப்படாது. மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பர் 4-ல், சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய நான்கு மாவட்டங்களுக்கு அரசே பொது விடுமுறை விட்டதுபோல் விட்டால்தான் கதை வேறு. ஆகவே மழைக்காலத்துக்கு முன்பே, அக்டோபர் தொடக்கத்தில், முடிவெடுப்பவர் யார், எத்தனை மணிக்குள் சொல்வார், எங்கே சொல்வார் என்று பதிவாளரிடம் பேசி எழுதி வாங்கிவிடுங்கள். காலை 6.30-க்கு இந்தப் பக்கத்தில் வரும், வராவிட்டால் வழக்கம்போல் வேலை உண்டு என்ற ஒரு வரி எல்லாருக்கும் தெரிந்திருந்தால், தாம்பரத்திலிருந்து ரயிலேறும் எழுத்தர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கலாமா வேண்டாமா என்று நிம்மதியாக முடிவெடுப்பார். கிழமையும் தேதியும் ஆண்டும் சேர்த்துப் போடுங்கள். போன வருடத்து விடுமுறை அறிவிப்பு ஒவ்வொரு மழைக்கும் மறுபடி உயிர்பெற்று வரும்.

வாட்ஸ்அப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிர்வாகிகள் மட்டும் எழுதக்கூடிய ஒரே குழு, அதில் கெடு உள்ளவை மட்டும். வாழ்த்தும் இரங்கலும் பேச்சும் வேறு குழுவில் நடக்கட்டும், அதைத் தடுக்காதீர்கள், அதுவும் மனிதர்களுக்கு வேண்டும்.

ஆனால் ஸ்மார்ட்போன் இல்லாதவர்களை மறக்காதீர்கள். துப்புரவுப் பணியாளர்கள், இரவுக் காவலர்கள், விடுதிச் சமையல்காரர்கள், தோட்டப் பணியாளர்கள். அவர்களில் சிலருக்குப் படிக்கவும் சிரமம். அவர்கள் தினமும் தவறாமல் வரும் ஓர் இடம் உண்டு, வருகைப் பதிவேடு இருக்கும் இடம். கையெழுத்து வாங்கும் மேற்பார்வையாளரிடம் தாளைக் கொடுத்து, மூன்று நாள் காலையில் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் படித்தால் அன்று விடுப்பில் இருப்பவருக்குப் போகாது. மருத்துவக் காப்பீட்டு அட்டையில் குடும்ப விவரம் சரிபார்க்கச் சொன்னபோது இப்படித்தான் செய்தோம். மனைவி பெயர் தப்பாக இருப்பது ஆஸ்பத்திரி வாசலில் தெரிவதைவிட, பதிவேட்டு மேசை முன்னால் தெரிவது எவ்வளவோ மேல்.

சில விஷயங்களைப் பலகையில் போட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-இன் 19-ஆம் பிரிவு, உள்ளகப் புகார்க் குழுவை அமைத்த ஆணையையும் துன்புறுத்தலுக்கான தண்டனை விளைவுகளையும் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் காட்சிக்கு வைக்கச் சொல்கிறது. பல இடங்களில் மூன்று வருடத்துக்கு முந்தைய குழுவின் பட்டியலே தொங்கும். தலைவர் ஓய்வு பெற்றிருப்பார், எண் மாறியிருக்கும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பது பொதுவிதி. அந்த மூன்று மாதத்தில் ஒரு பெண் அழைக்கும் எண் வேலை செய்யாமல் இருந்தால் யார் பொறுப்பு? மாதம் ஒரு முறை அந்த எண்ணை நீங்களே அழைத்துப் பாருங்கள். அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, புகார் கொடுத்தவர், புகாருக்கு உள்ளானவர், சாட்சிகள், விசாரணை விவரம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. தற்காலிகப் பணிநீக்கம், விளக்கம் கேட்கும் குறிப்பாணை போன்றவையும் உரியவருக்கு மட்டும் போக வேண்டியவை. தவறிப்போய்க் குழுவில் ஒன்று விழுந்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்க வழியே இல்லை.

பிழை வரும். தேதி மாறும், அரங்கம் மாறும். அப்போது "திருத்தம்" என்று தலைப்பில் போட்டு, பழையதில் என்ன இருந்தது, இப்போது என்ன என்று இரண்டையும் எழுதுங்கள். இணையப் பக்கத்தில் பழையதை நீக்காமல், அதன் மேலேயே "இது மாற்றப்பட்டது, எண் 52-ஐப் பார்க்கவும்" என்று குறியுங்கள். சத்தமில்லாமல் கோப்பை மாற்றி வைத்தால் அடுத்த முறை யாரும் உங்கள் பக்கத்தை நம்ப மாட்டார்கள்.

கடைசியாகச் செய்தி மடல். ஆய்வுக் கட்டுரை, காப்புரிமை, விருது எல்லாம் வரட்டும், அது பெருமைதான். நான் இருந்த கடைசி மூன்று வருடம் அதில் ஒரு பக்கம் கேட்டு வாங்கினேன், அந்த மாதம் ஓய்வு பெறுகிறவர்களுக்காக. ஓட்டுநர், பைண்டிங் பிரிவில் இருந்தவர், விடுதிக் காவலர் என்று எல்லாருக்கும் ஒரு படமும் நாலு வரியும். பைண்டிங் பிரிவில் இருந்தவரைப் பற்றி எழுத அவரிடம் பேசினேன். நூலகத்தில் இருக்கும் பழைய ஆய்வேடுகளில் எது தன் கை தைத்தது என்று முதுகுத் தையலைப் பார்த்தே சொன்னார். அந்த இதழ் வந்த அன்று மாலை அவர் மனைவியும் பேரனும் வளாகத்துக்கே வந்து ஐந்து பிரதி கேட்டு வாங்கிப்போனார்கள். அதுவரை அந்த மடலை யாரும் கேட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. அதன்பிறகு அலுவலகப் பணியாளர்கள் மடலைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள், அதே மடலில் இருந்த கெடு தேதிகளும் அவர்கள் கண்ணில் பட்டன.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். நிர்வாகக் கட்டடத்தின் முன்வாசலில் பூட்டுப் போட்ட கண்ணாடி அறிவிப்புப் பலகை ஒன்று இருக்கும். எங்கள் பலகையின் சாவி, மாற்றலாகிப் போன ஓர் எழுத்தரின் மேசை இழுப்பறையில் எட்டு மாதம் இருந்தது. உள்ளே போன கல்வியாண்டின் விடுமுறைப் பட்டியல் வெயிலில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது, அதைத் தாண்டித்தான் நாங்கள் எல்லாரும் தினமும் உள்ளே போனோம். திங்கட்கிழமை காலையில் உங்கள் பலகையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு மாற்றுச் சாவி செய்து, ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்துவிடுங்கள்.